உறுப்பு மாற்றுக்கு முன் தடுப்பூசி: கட்டாயப்படுத்தலாமா? ஒரு சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதை வாசித்துவிடுகிறேன். "என் கணவருக்கு 54 வயது. மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவு செய்யப் போனபோது, மஞ்சள் காமாலை ஊசி, நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தால்தான் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அவருக்கும் விருப்பம் இல்லை. விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்த மருத்துவமனைக்கு உரிமை உண்டா? இன்னொன்று, எங்கள் பேத்திக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளை அவர் மடியில் உட்கார வைக்கலாமா?"

சகோதரி, உங்கள் கணவரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் புறந்தள்ளிவிட்டு மேலே பேசுவது மரியாதை ஆகாது. நம் உடம்பிலுள்ள காவல் செல்கள், தனக்குரியது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்த்து, வெளியிலிருந்து வந்ததைத் தாக்கும் இயல்பு உடையவை. இன்னொருவருடைய சிறுநீரகமும் அவற்றின் கண்ணுக்கு அந்நியப் பொருள்தான். அதனால்தான் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளைக் கொடுத்து அந்தச் செல்களை அடக்கி வைக்கிறோம். தடுப்பூசியோ அதே செல்களைத் தட்டி எழுப்புவது. எழுந்த செல்கள் கிருமியோடு நிற்காமல் சிறுநீரகத்தின் மீதும் பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் உறவினர்கள் கேட்பதில் ஒரு தர்க்கம் உண்டு. மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் தடுப்பூசிகளால் உறுப்பு நிராகரிப்பு கூடுகிறது என்று அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. மாறாக, ஃப்ளூ போன்ற தொற்றே காவல் செல்களைக் கிளறி நிராகரிப்புக்கு வழிவகுக்கக்கூடும் என்பது எங்களுக்குத் தெரிந்த ஆபத்து. மேலும், உங்கள் கணவருக்கு இன்னும் உறுப்பே பொருத்தவில்லை. தள்ளிவிடுவதற்கு இப்போது உள்ளே எதுவும் இல்லை. மாற்று உறுப்புக்கு எதிரான எதிர்ப்பொருள்களை, அதாவது அந்நியப் பொருளைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதங்களை, முன்கூட்டியே உருவாக்கக்கூடியது என்று நாங்கள் அஞ்சுவது அடிக்கடி இரத்தம் ஏற்றுவதைத்தான். அதைத் தவிர்க்க முடிந்தபோதெல்லாம் தவிர்க்கிறோம்.

அப்படியானால் ஏன் இப்போதே போட வேண்டும், பிறகு போட்டால் ஆகாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கணக்குத்தான் இதுவும். தடுப்பூசி என்பது விதை. காவல் செல்கள் அதை வாங்கி முளைக்க வைத்தால்தான் பாதுகாப்பு. டயாலிசிஸில் இருப்பவரின் நிலம் கொஞ்சம் வறண்ட நிலம் என்றாலும் முளைப்பு இருக்கும். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருந்துகளால் நாமே அந்த நிலத்தைத் தரிசாக்கி வைக்கிறோம். கொரோனா காலத்தில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்ட 658 பேருக்கு எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்ட பிறகு பரிசோதித்து 2021-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 54 விழுக்காட்டினரிடம்தான் எதிர்ப்பொருள் தென்பட்டது. நல்ல உடல்நலம் உள்ளவர்களிடம் ஏறக்குறைய எல்லோருக்கும் தென்பட்ட அதே எதிர்ப்பொருள் இவர்களில் பாதிப்பேருக்கு அருகில் இல்லாமல் போயிற்று. ஊசியில் குறை இல்லை, பருவம் தப்பியதுதான் குறை.

உங்கள் மருத்துவமனை சொன்ன மஞ்சள் காமாலை ஊசி, ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கானது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இது மாற்றுச் சிறுநீரகத்துக்காக மட்டும் போடப்படுவது அல்ல. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பலரும் அடுத்தடுத்து உட்காரும் டயாலிசிஸ் அறையில் அது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வழக்கமான அளவு போதாது என்பதால் இரட்டிப்பாக, 40 மைக்ரோகிராம் அளவில், தொடக்கத்திலும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும், ஆறு மாதத்திலும் என நான்கு தவணை போடுவது வழக்கம். கடைசித் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, 10 mIU/mL-க்குக் குறைவாக இருந்தால் மறுபடியும் போட வேண்டும். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், இல்லாத கையில் போடச் சொல்லுங்கள். ஆக, இன்று தொடங்கினாலும் முடிய ஏழு எட்டு மாதம் ஆகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியாயம் அநியாயம் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவேன்.

அதற்கு முன், ஒரு பிரிவினையைச் சொல்லியாக வேண்டும். செயலிழக்கச் செய்த கிருமியிலிருந்தோ, கிருமியின் ஒரு துண்டிலிருந்தோ செய்யப்பட்ட ஊசிகளை மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் போடலாம்; பலன்தான் குறையும். ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். ஆனால் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள், அதாவது தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கானவையும் வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தும், காவல் அடங்கிய உடம்பில் நோயாகவே மாறிவிடக்கூடும். அவற்றைப் போடுவதாக இருந்தால் அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. ஊர், பெயர் வேண்டாம். நான்கு ஆண்டு டயாலிசிஸில் இருந்து, மாற்றுச் சிறுநீரகம் பெற்று, இரண்டு ஆண்டு நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் சின்னம்மையைக் கொண்டுவந்தான். பதினைந்து நாளில் தகப்பனுக்கும் வந்தது. வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தெளித்து, அம்மா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அழைத்து வந்தபோது மூச்சு வாங்கியது. முதுகில் கொப்புளங்களுக்கு நடுவே இரத்தம் கட்டியிருந்தது. அவருடைய மனைவி இளநீரும் நுங்கும் வைத்திருந்த தூக்குச் சட்டியை இறக்கி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். உயிரைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் கிருமியை அடக்குவதற்காக நிராகரிப்புக்கு எதிரான மருந்துகளைக் குறைக்க வேண்டிவந்தது, அதில் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்தது, பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு ஆண்டு டயாலிசிஸில், உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதாகக் குறிப்பு இல்லை. ஒரு இரத்தப் பரிசோதனை, இரண்டு ஊசி, அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். வேப்பிலையைக் கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள், ஆனால் மாற்று உறுப்பு வைத்திருப்பவருக்கு அம்மைக் கொப்புளம் ஒன்று தெரிந்தாலும், ஏன், அம்மை வந்த குழந்தையின் அருகில் அவர் இருந்தார் என்றாலே, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொப்புளம் வருவதற்கு முன்பே கொடுக்கத்தக்க மருந்து இருக்கிறது.

இனி, உரிமை பற்றிய கேள்வி. குழப்பம் வேண்டாம்: உங்கள் கணவருடைய கையைப் பிடித்து, அவர் விருப்பம் இல்லாமல் ஊசி குத்த இந்த நாட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. ஜேக்கப் புலியேல் என்ற குழந்தை மருத்துவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று அளித்த தீர்ப்பில், உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு, பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும், அவை ஆபத்தின் அளவுக்குப் பொருத்தமானவையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது கொரோனா காலத்து அரசு ஆணைகளைப் பற்றிய வழக்கு. உறுப்பு மாற்றுப் பட்டியலைப் பற்றியது அன்று. பட்டியலைப் பற்றிய வழக்கு கனடாவில் நடந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் உறுப்பு மாற்றுக்காகக் காத்திருந்த ஒரு பெண், கொரோனா தடுப்பூசியை மறுத்ததால் பட்டியலில் இடம் இழந்து நீதிமன்றம் போனார். அது மருத்துவர்களின் சிகிச்சை முடிவு, அடிப்படை உரிமைச் சாசனத்தின் கீழ் வராது என்று 2022-இல் இரண்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அந்த ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். சட்டப்படி மருத்துவர்கள் பக்கம் நியாயம் தீர்ப்பானது. இருந்தும், ஒரு மருத்துவராக எனக்கு அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

மருத்துவமனை நிபந்தனை விதிப்பதன் பின்னால் உள்ள காரணத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள உறவினர் தராத உறுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், சாலை விபத்து போன்ற ஒன்றில் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து வருகிறது. மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து மூளைச்சாவை உறுதி செய்கிறது. அந்த நேரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் தலையசைக்கிறாள். அந்தக் கொடையின் பெருமைக்காகத்தான் 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை தரப்படுகிறது. அப்படி வந்த ஒன்றை, தடுத்திருக்கக்கூடிய ஒரு தொற்றால் ஆறே மாதத்தில் இழந்தால், அந்தத் தாய்க்கும், அதே பட்டியலில் அடுத்துக் காத்திருந்தவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறோம். கல்லீரல் மாற்றுக்கு வருபவரிடம் மதுவை நிறுத்தச் சொல்கிறோம், நுரையீரல் மாற்றுக்கு வருபவரிடம் புகையை நிறுத்தச் சொல்கிறோம். ஊசியையும் அந்த வரிசையில் வைத்துக் கேட்பது நியாயமே என்பது என் கருத்து.

ஆனால் கேட்கும் உரிமை, கேட்பவருக்கும் சில கடமைகளைக் கொண்டுவருகிறது. முதலாவது காலம். ஏழு எட்டு மாதம் ஆகும் ஒரு வேலையை, மூன்று ஆண்டாக டயாலிசிஸ் செய்தவரிடம், பதிவு செய்ய வந்த நாளில்தான் சொல்கிறார்கள் என்றால், தவறு அவருடையது ஆகாது. முதல் டயாலிசிஸ் அன்றே, சொல்லப்போனால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறத் தொடங்கிய நாளிலேயே, சொல்லியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் சொல்லப்படும் நிபந்தனை, தண்டனையைப் போலத்தான் காதில் விழும். உங்கள் கணவருடைய மறுப்பில் பாதி அந்தக் காயத்திலிருந்து வருகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது பணம். குழந்தைகளுக்கான நிமோகாக்கல் ஊசி அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை, வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காகக் கூலியை இழக்கும் குடும்பத்திடம் இதை நிபந்தனையாக வைத்துவிட்டு, ஏற்பாடு எதுவும் செய்யாமல் இருப்பது, ஏழையைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு ஒரு சுற்றுவழி ஆகிவிடும். நிபந்தனை வைக்கும் மருத்துவமனை, முடியாதவருக்கு அதைப் போட்டுக் கொடுக்கும் வழியையும் காட்ட வேண்டும். மூன்றாவது அளவு. எல்லா ஊசியும் ஒரே எடை உடையவை அல்ல. டயாலிசிஸ் அறையில் ஹெபடைட்டிஸ் பி ஊசிக்கு நான் உறுதியாக நிற்பேன். வேறு சில ஊசிகளுக்குக் கிடைக்கும் பலன் குறைவு, அதற்கேற்ப அழுத்தமும் குறைய வேண்டும். மஞ்சள் காமாலை முற்றிச் சில நாட்களில் கல்லீரல் செயலிழந்து வருபவரிடம் ஊசிச் சீட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் வேண்டாம் என்றால்? அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவது மருத்துவம் ஆகாது. டயாலிசிஸ் தொடர வேண்டும், பேச்சும் தொடர வேண்டும். யார் சொல்லி, எதைக் கேட்டுப் பயந்தார் என்று உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் ஒரு பழைய காயம் வெளியே வரும். முன்பு ஏதோ ஊசிக்குப் பிறகு காய்ச்சலில் விழுந்த ஒருவர், சரியாகப் பதில் சொல்லாத ஒரு மருத்துவர், இப்படி ஏதாவது ஒன்று. அதற்குப் பதில் சொன்ன பிறகு கைநீட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு விட்டுக்கொடுக்க மாட்டேன். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்து கல்லீரல் மாற்றுக்குக் காத்திருக்கும் குழந்தை, ஊசி வேண்டாம் என்று தானே முடிவு எடுக்கவில்லை. தட்டம்மை ஊசியை மாற்றுக்கு முன் போடாமல் விட்டால், பிறகு அதைப் போடும் வாய்ப்பு பெரும்பாலும் அடைபட்டுவிடும். பள்ளியில் தட்டம்மை பரவினால் அந்தப் பிள்ளைக்கு அரண் எதுவும் இருக்காது. வழக்கமாக ஒன்பது மாதத்தில் போடும் அந்த ஊசியை இத்தகைய குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலேயே போடலாம். பெற்றோரின் நம்பிக்கையை மதிக்கிறேன். அந்த நம்பிக்கையின் விலையைக் குழந்தை செலுத்தக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகான பாதுகாப்பைப் பற்றித் தனியாகவே ஒரு காணொளி செய்ய வேண்டும். இப்போது ஊசியோடு ஒட்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் மருந்துகளின் அளவு அதிகம் என்பதால் தொற்றும் அதிகம். கோ-ட்ரைமாக்ஸசோல் போன்ற தடுப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குத் தொலைபேசுங்கள். கடையில் தரும் சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைச் சரித்துவிடும். தெருநாய் கடித்தால், ஏன், இரத்தம் வராமல் பல் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி செயலிழந்த கிருமியால் ஆனது, மாற்று உறுப்பு உள்ளவருக்கும் அதைப் போட்டே ஆக வேண்டும். மற்றவர்களுக்குத் தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல் போன்ற கடுமையான காயங்களுக்குத் தரப்படும் இம்யூனோகுளோபுலினை, அதாவது தயாராக உள்ள எதிர்ப்பொருள் மருந்தை, இவர்களுக்குச் சிறு கீறலுக்கும் சேர்த்துத் தர வேண்டும். மாற்று உறுப்பு வைத்திருக்கிறேன் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பேத்தி. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டால், அவருடைய உடம்பால் கட்ட முடியாத வேலியை நீங்கள் அவரைச் சுற்றிக் கட்டுகிறீர்கள் என்று பொருள். ஆகவே பேத்தியின் ஊசிகள் எதையும் நிறுத்தாதீர்கள். தட்டம்மை ஊசி போட்ட குழந்தையிடமிருந்து அந்தக் கிருமி தாத்தாவுக்குப் பரவாது. சின்னம்மை ஊசிக்குப் பிறகு குழந்தையின் உடம்பில் கொப்புளம் வந்தால் மட்டும், அது ஆறும் வரை தள்ளி வையுங்கள். போலியோ சொட்டு மருந்து வேறு மாதிரி. அதிலுள்ள உயிருள்ள வைரஸ் சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். அதனால் அறுவை சிகிச்சை நெருங்கும்போது, சொட்டுக்குப் பதிலாக ஊசி வழிப் போலியோ மருந்து மட்டும் போட முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சொட்டு கொடுத்தாகிவிட்டது என்றால், அடுத்த நான்கு முதல் ஆறு வாரம் அவளைத் தூக்கிக் கொஞ்சுவதையும் மடியில் வைப்பதையும் அவர் தள்ளிப்போடட்டும். டயபர் மாற்றுவது, கால் கழுவிவிடுவது எதையும் அவர் செய்ய வேண்டாம், செய்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அந்த வாரங்கள் கழிந்ததும் பேத்தி தாத்தா மடியில் தாராளமாக உட்காரலாம்.

அடுத்த டயாலிசிஸ் அன்று பழைய ஊசிச் சீட்டுகள் ஏதாவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், சகோதரி. இல்லாவிட்டால் பரவாயில்லை. ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்பொருள் அளவையும், சின்னம்மை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லி, முதல் தவணை எந்தத் தேதியில் என்று அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஊசியைப் பற்றி உங்கள் கணவர் கேட்க நினைப்பதை எல்லாம் அவரே அந்த மருத்துவரிடம் கேட்கட்டும்; அதற்கு அவருக்கு நேரம் கொடுக்க வேண்டியது அந்த மருத்துவரின் கடமை.